எதிருரைக்கு அவகாசம்

இல்ல அண்ணாச்சி, நான் வக்கீல் இல்ல. வக்கீல் குமாஸ்தா. வெள்ளைச் சட்டையையும் இந்தப் பையையும் பாத்துட்டு நெறைய பேரு அப்படித்தான் நெனைக்காங்க. வக்கீலு கார்ல போயாச்சு. கேசுக் கட்டைத் தூக்குதவன் பஸ்ல வாரான். கோமதிநாயகம்னு பேரு. முப்பத்தொரு வருசமா ஒரே வக்கீல்ட்ட இருக்கேன்.

உங்க மச்சான் கேசு ஏழு வருசமா இழுக்குன்னு சொன்னீங்கல்லா, அப்பம் எனக்குச் சிரிப்பு வந்துட்டு. சிரிச்சிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கிடுங்க. ஏழு வருசமா இழுக்குதது யாருங்கீங்க? ஜட்ஜா? சட்டமா? என்னை மாதிரி ஒருத்தன் எங்கயாவது ஒரு மரத்தடியில பெஞ்சுல உக்காந்து இழுத்துக்கிட்டு இருப்பான்.

வாய்தா வாங்குததுன்னா சும்மா இல்ல அண்ணாச்சி. எதிராளி ஒரு மனு போட்டா, அதுக்கு நாம பதில் போடணும். எதிருரைம்போம். அந்த எதிருரையைப் போட அவகாசம் கேட்டு நாம ஒரு மனு போடுவோம். அதுல காரணம் எழுதணும். அந்தக் காரணம் எழுதுததுல இந்த ஜில்லாவுல என்னை அடிச்சுக்கிட ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லல. பெருமையாத்தான் இருந்தது, இல்லேன்னு சொல்லல. ஒரு கேசுல சொன்ன காரணத்தை அதே கேசுல திருப்பிச் சொல்லக் கூடாது. வக்கீலுக்குக் காய்ச்சல்னா அடுத்த தடவை கட்சிக்காரருக்கு வயித்துப்போக்கு. அதுக்கடுத்தது வெளியூர்ப் பயணம். அதுக்கடுத்தது நெருங்கின உறவுல சாவு. கட்சிக்காரங்க பெரியப்பாமாருல எத்தனை பேரைக் கொன்னிருக்கேன்னு எனக்கே தெரியாது. ஒரு பெரியப்பா நேராவே ஆபீசுக்கு வந்து, “என்ன வே, நான் செத்துட்டேனாமே, காரியத்துக்கு என்ன சமையல்?”ன்னு கேட்டுட்டுப் போனாரு.

இதெல்லாம் பொய்யின்னே எனக்குத் தோணினது கிடையாது. எல்லாரும் செய்யுததுதான. எதிர்ப்பக்கத்துக் குமாஸ்தாவும் செய்யுவாரு. ஜட்ஜய்யாவுக்கும் தெரியும். நேரம் கேக்குதது தப்பா? சட்டத்துலயே இடம் இருக்கு. நான் யாரு சொத்தையும் பிடுங்கல, யாரையும் அடிக்கல. நேரம்தான் கேட்டேன்.

ஜன்னலைக் கொஞ்சம் ஏத்தி விடுங்க, காத்து வரட்டும்.

சண்முகக்கனின்னு ஒரு பொம்பள. அம்பது வயசு இருக்கும். பீடி சுத்துதவ. அவளும் தளவாய்னு ஒரு மனுசனும் இருபத்தாறு வருசம் ஒரே வீட்டுல குடும்பம் நடத்தினவங்க. ரெண்டு பேரும் வேற வேற சாதி. பிள்ளை கிடையாது. போன வருசத்துக்கு முந்தின வருசம் தளவாய் செத்துப் போனாரு. செத்த அன்னைக்கே அவரு தம்பி சிவதாணு ஆளுகளோட வந்து, உடம்பைத் தூக்கிக்கிட்டுத் தங்களோட ஊருக்குப் போயிட்டான். இவ பின்னாலயே ஆட்டோவுல போயிருக்கா. தெருமுக்குலயே நிப்பாட்டிட்டாங்க. பதினாறாம் நாளுக்குக் கண்ணீர் அஞ்சலின்னு போஸ்டர் அடிச்சு பஸ் ஸ்டாண்டு பூரா ஒட்டியிருந்தாங்க. தம்பி, தங்கச்சி, மருமக்கமாரு, பேரன், பேத்தி எல்லாரு பேரும் இருக்கு. இவ பேரு இல்ல. வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிப் போட்டதுக்கு, இவ எங்கண்ணனுக்குப் பொண்டாட்டியே இல்ல, சும்மா கூட இருந்தவன்னு சிவதாணு ஆட்சேபணை எழுதிக் குடுத்துட்டான்.

அவ கோர்ட்டுக்கு வந்தது இதுக்குத்தான். நான் அவரு பொண்டாட்டின்னு கோர்ட்டு சொல்லணும். அவ்வளவுதான் அவ கேட்டது. வீடு கூட அவ சம்பாத்தியத்துல வாங்கினது, அதுல ஒரு வில்லங்கமும் இல்ல. கூண்டுக்கு வெளிய நின்னு ஒரு நாள் அவ வக்கீல்ட்ட சொல்லிக்கிட்டு இருந்தா, “அவரு செத்தன்னைக்கு என்னைத் தெருமுக்குல நிப்பாட்டுனாங்க ஐயா, நான் செத்தா எந்த முக்குல நிப்பாட்டுவாங்க”ன்னு. எனக்குக் கேட்டுது. கேக்காத மாதிரி கட்டைப் பிரிச்சுக்கிட்டு இருந்தேன்.

நாங்க யாரு பக்கம்? சிவதாணு பக்கம். எங்க ஐயா ஆவுடையப்பன் வக்கீல் பிடிச்ச ஒரே பிடி என்னன்னா, கல்யாணம் ஆடி மாசம் நடந்ததுன்னு அவ மனுவுல எழுதியிருக்கா. ஆடியில எவன் கல்யாணம் முடிப்பான்? நீங்களே சொல்லுங்க. ஜட்ஜய்யாவே புருவத்தை ஏத்திட்டாரு. பதிவு கிடையாது, போட்டோ கிடையாது, பத்திரிகை கிடையாது. மலையடிவாரத்துல ஒரு முருகன் கோயில்ல தாலி கட்டினதாச் சொல்லுதா. அதுக்கு உசுரோட இருக்க சாட்சி ஒரே ஒருத்தரு. கோயில் வாசல்ல பூ கட்டி வித்த கொம்பையான்னு ஒரு கிழவரு. எம்பத்துமூணு வயசு. நெஞ்சுச்சளி முத்திப் படுக்கையில கிடக்காரு.

அதனால அவ வக்கீல் தை மாசம் ஒரு மனு போட்டாரு. சாட்சி ரொம்ப முடியாம இருக்காரு, விசாரணை வரைக்கும் தாங்க மாட்டாரு, அதனால கோர்ட்டு தன் சார்பா ஒரு வக்கீலைக் கமிஷனரா அனுப்பி, வீட்டுல வச்சே வாக்குமூலத்தை எழுதி வாங்கணும்னு. நியாயமான மனு. நாங்க எதிருரை போடணும்.

நான் என்ன செய்வேன்? எனக்குத் தெரிஞ்சதைச் செஞ்சேன். முதல் தடவை, வக்காலத்து இப்பத்தான் வந்திருக்கு, கட்டைப் படிக்கணும்னு மூணு வாரம். ரெண்டாந்தடவை, சீனியர் வேற கோர்ட்டுல. மூணாவது, சிவதாணுவுக்கு மஞ்சக்காமாலை. சிவதாணு அன்னைக்கு வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு எங்க ஆபீசுல பரோட்டா தின்னுக்கிட்டு இருந்தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் சண்முகக்கனி வந்து வராண்டாவுல நிப்பா. வக்கீலைப் பிடிச்சு உலுக்கி எடுப்பா. “ஐயா, அவருக்கு மூச்சு வாங்குது, இன்னைக்கே கேளுங்கய்யா”ன்னு. அவரும் எந்திரிச்சு, ஆபத்தான நிலைன்னு சத்தமாச் சொல்லுவாரு. மூணாவது தடவை ஜட்ஜய்யா எங்க மேல கோவப்பட்டு, கடைசி வாய்ப்புன்னு எழுதிட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலம் ஐயா என்னைக் கூப்பிட்டாரு. “நாயகம், நீ போய் அந்தக் கிழவனைப் பாத்துட்டு வா. நெசமாவே கிடையா கிடக்கானா, எந்திரிச்சு நடமாடுதானா, பேச்சு எப்படி இருக்குன்னு பாரு. அதை வச்சு எதிருரை எழுதுவோம்”ன்னாரு. இதுவும் வழக்கமா செய்யுததுதான். நோயாளின்னு சொல்லுதவன் வயக்காட்டுல நிக்கதை நான் எத்தனை தடவை பாத்துட்டு வந்து சொல்லியிருக்கேன்.

போனேன். பங்குனி வெயிலு. கோயிலுக்குப் பின்னால ஓட்டு வீடு. அவரு மக முப்பிடாதி வாசல்ல நின்னா. என் சட்டையைப் பாத்தா, பையைப் பாத்தா. “கோர்ட்டுல இருந்தா வாறீங்க?”ன்னு கேட்டா. ஆமான்னேன். அந்த ஒரு ‘ஆமா’தான் அண்ணாச்சி நான் சொன்னது. நெசமாவே கோர்ட்டுல இருந்துதான் வாரேன். பொய் சொல்லலல்லா? ஆனா அவ, “எப்பா, கோர்ட்டுல இருந்து வந்துட்டாங்க”ன்னு உள்ள ஓடினா பாருங்க, அப்பமே நான் சொல்லியிருக்கணும். நான் எதிர்ப்பார்ட்டி ஆளும்மான்னு. சொல்லல. செருப்பைக் கழத்திட்டு உள்ள போனேன்.

கிழவரு கட்டில்ல ரெண்டு தலையணையை முதுகுக்கு முட்டுக்குடுத்து உக்காந்திருந்தாரு. படுத்தா மூச்சு முட்டுமாம். என்னைக் கண்டதும் கையெடுத்துக் கும்பிட்டாரு. எனக்கு அவரு தகப்பன் வயசு. “வந்துட்டீங்களாய்யா. மூணு மாசமா காத்துக் கிடக்கேன். இதைச் சொல்லாம போயிருவேனோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்”ன்னாரு. மகளைப் பாத்து, மேல்சட்டை எடுத்துக் குடுங்காரு. கோர்ட்டுக்கு முன்னால வெறும் உடம்போட பேசப்படாதாம். அவ எடுத்து மாட்டி விட்டா. பொத்தான் போட அவருக்கு முடியல, அதையும் அவளே போட்டு விட்டா. நான் கட்டில் பக்கத்துல உக்காந்தேன்.

அவரு சொல்ல ஆரம்பிச்சுட்டாரு. என் கை இருக்குல்லா, இது சனியன் பிடிச்ச கை. முப்பத்தொரு வருசமா யாராவது சொல்லச் சொல்ல எழுதிப் பழகினது. பையில இருந்து தாளை எடுத்து எழுத ஆரம்பிச்சுட்டு. நான் எழுதணும்னு நெனைக்கவே இல்ல. எழுதாம உக்காந்திருந்தா அவருக்குச் சந்தேகம் வருமேன்னு எழுதினேனா, வழக்கத்துல எழுதினேனா, இன்னைக்கு வரைக்கும் தெரியல.

ஆடி மாசம்தான்னாரு. “ஆடியில கோயில்ல கல்யாணக் கூட்டம் இருக்காது, தெரிஞ்ச மொகம் எதுவும் வராது, அதுக்காகத்தான்யா அந்த ரெண்டும் ஆடியாப் பாத்து வந்துச்சு. சாதிக்காரன் வந்து வெட்டிருவான்னு பயம். அதனாலதான் எனக்கும் மறக்கல. நாப்பது வருசம் அந்த வாசல்ல பூ வித்தேன், ஆடியில நான் மாலை கட்டிக் குடுத்தது அந்த ஒரு கல்யாணத்துக்குத்தான். அன்னைக்குக் கடையில பிச்சிப்பூ ஒரு மாலைக்குத்தான் இருந்துச்சு. இன்னொண்ணு அரளியில கட்டினேன். அந்தப் பிள்ளை, பிச்சி மாலையை அவருக்குப் போட்டுட்டு அரளியைத் தான் போட்டுக்கிட்டா. மூணாவது முடிச்சுப் போட நாத்தனா யாரும் இல்ல. என் வீட்டுக்காரிதான் போட்டா. அவ போயிட்டா, நான் ஒருத்தன்தான் இருக்கேன்.” இப்படியே சொன்னாரு அண்ணாச்சி. நடுவுல நடுவுல மூச்சு வாங்கும், முப்பிடாதி முதுகைத் தடவிக் குடுப்பா, திரும்பவும் விட்ட எடத்துல இருந்து சொல்லுவாரு. ஒரு வார்த்தை பிசகல. ஐயா பிடிச்ச பிடியெல்லாம் ஒரு நிமிசத்துல போச்சு. எனக்கு அப்பமே தெரிஞ்சு போச்சு, இது நெசம்னு. அவ அந்த மனுசனுக்குப் பொண்டாட்டிதான்னு.

ரெண்டு பக்கம் வந்துது. முடிச்சதும் அவரு, “கைநாட்டு வேண்டாமாய்யா?”ன்னாரு. எங்க பையில எப்பவும் மைப்பெட்டி கிடக்கும். குமாஸ்தான்னா அது இல்லாம முடியாது. எடுத்து வச்சேன். இடது பெருவிரலை ஒத்தி, ரெண்டு பக்கத்துலயும் வச்சாரு. வச்சுட்டு, “அப்பாடா, சொல்லிட்டேன். இனிமே போனாலும் போகட்டும்”ன்னு தலையணையில சாஞ்சுட்டாரு. முப்பிடாதி எனக்குக் கருப்பட்டிக் காப்பி போட்டுக் குடுத்தா. குடிச்சேன். அதையும் குடிச்சேன்.

மறுநாள் ஐயாகிட்ட என்ன சொன்னேன் தெரியுமா? ஆளு நல்லாப் பேசுதாரு, தெளிவா இருக்காருன்னேன். அது நெசந்தான. ஐயாவுக்கு ஒரே சந்தோசம். சொல்லச் சொல்ல நான்தான் எதிருரையை டைப் அடிச்சேன். ‘மேற்படி சாட்சி நல்ல சுயநினைவுடனும் தெளிவுடனும் உரையாடி வருகிறார், ஆகவே அவர் நீதிமன்றத்திற்கு நேரில் வந்து சாட்சியம் அளிக்க எவ்விதத் தடையுமில்லை’ன்னு. அந்த மனுசன் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டுச் சொன்னதை வச்சே, அவருக்குச் சொகமா இருக்குன்னு எழுதியாச்சு. கைநாட்டு வாங்கினதை நான் ஐயாகிட்ட சொல்லல. எதுக்கு எழுதினேன்னு ஏசுவாரேன்னு ஒரு பயம். பொறவு சொல்லிக்கிடலாம்னு இருந்தேன்.

இதுக்கு மேலதான் அசிங்கம். அடுத்த வாய்தாவுக்கு எதிருரை ரெடியா பையில இருக்கு. ஐயா சொல்லுதாரு, “இன்னும் ஒரு வாய்தா கேட்டுப் பாரு, மே மாச லீவு வந்துரும்”னு. கேட்டோம். கட்சிக்காரர் கையெழுத்து மட்டும் பாக்கின்னு எழுதினேன். சண்முகக்கனி அன்னைக்கு இருந்தா வக்கீலை உலுக்கி எடுத்திருப்பா. அவ வரவே இல்ல. ஏன் வரல? முப்பிடாதி அவகிட்ட, கோர்ட்டுல இருந்து வந்து எல்லாம் எழுதிட்டுப் போயாச்சு, அப்பா கைநாட்டும் வச்சாச்சுன்னு சொல்லியிருக்கா. இவளும் வேலை முடிஞ்சுதுன்னு நிம்மதியா பீடி சுத்த உக்காந்துட்டா. அவ வக்கீலுக்கு நூறு கேசு. அவ உலுக்காததுனால அவரும் அன்னைக்கு ஆட்சேபணை இல்லைன்னுட்டாரு. ஜட்ஜய்யா ஜூன் மாசத்துக்குப் போட்டுட்டாரு.

வராண்டாவுல அவ நிக்கலைன்னதும் எனக்கு எதனாலன்னு புரிஞ்சுது. புரிஞ்சுக்கிட்டே நின்னேன். ஒரு போன் பண்ணிச் சொல்லியிருக்கலாம், ஏம்மா அது கோர்ட்டு இல்லம்மா, நான்தான்னு. அவ நம்பர் வழக்கு மனுவுலயே இருக்கு.

வைகாசி பத்தாந்தேதி கொம்பையா இறந்து போனாரு.

ஜூன்ல கோர்ட்டு திறந்ததும், சாட்சி இறந்துட்டதால மனு தேவையில்லாம போச்சுன்னு ரெண்டு வரியில முடிச்சு வச்சுட்டாங்க. எங்க எதிருரையைப் போடவே வேண்டியதில்லாம ஆயிட்டு. ஐயா என் தோள்ல தட்டினாரு. “நாயகம், உன் வாய்தாவுலயே ஜெயிச்சுட்டோம் போ”ன்னாரு. முன்னால எல்லாம் அவரு தோள்ல தட்டினா ரெண்டு நாளைக்கு வீட்டுல சொல்லிக்கிட்டு இருப்பேன். அன்னைக்குப் போய் வாந்தி எடுத்தேன் அண்ணாச்சி. கோர்ட்டுக்குப் பின்னால, குழாயடியில. வெக்கமா இருக்கு சொல்லுததுக்கு. யாரும் பாத்துருவாங்களோன்னு தண்ணியைத் திறந்து விட்டுட்டு எடுத்தேன்.

சண்முகக்கனி அன்னைக்கு வந்திருந்தா. அவ வக்கீல் சொல்லுதாரு, கோர்ட்டு யாரையும் அனுப்பவே இல்லையேம்மா, நீ என்னத்தைச் சொல்லுதேன்னு. அவளுக்குப் புரியல. ஒவ்வொரு வராண்டாவா ஏறி இறங்கிட்டு, மத்தியானம் என்கிட்ட வந்தா. ஆமா, என்கிட்டதான். எதிர்ப்பார்ட்டி குமாஸ்தான்னு தெரியும் அவளுக்கு. ஆனா நான் அவளைப் பாத்தா எப்பவும் நின்னு ரெண்டு வார்த்தை பேசுவேன், வெயில்ல நிக்காதம்மா, நெழலுக்கு வாம்மான்னு. அதனால நல்ல மனுசன்னு நெனைச்சிருக்கா.

“அண்ணே, நீங்க முப்பது வருசமா இங்கன இருக்கீங்க, உங்களுக்கு எல்லாரையும் தெரியும். கொம்பையா மாமா வீட்டுக்குப் போய் எழுதி வாங்கினது யாருன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்கண்ணே. வெள்ளைச் சட்டை போட்ட ஆளாம், வயசானவராம். கைநாட்டெல்லாம் வாங்கியிருக்காரு”ன்னா.

அந்த ரெண்டு தாளும் அப்பம் என் பையிலதான் இருக்கு. பை என் தோள்லதான் இருக்கு. அவளுக்கும் எனக்கும் நடுவுல ஒரு முழம் தூரம் கூட இல்ல.

“விசாரிக்கேன்மா, கொஞ்சம் டைம் குடு”ன்னேன்.

வாயில தன்னால வந்துட்டு. அவ சரிண்ணேன்னு போயிட்டா. அடுத்த வாய்தாவுக்கு வந்தா, கேட்டா. அந்த ஆளு மாறுதல்ல போயிட்டாரு போல, தேடிக்கிட்டு இருக்கேன்னேன். சரிண்ணேன்னா. போன மாசம் கேட்டா. பழைய ரிக்கார்டு ரூம்ல பாக்கணும், பூட்டியிருக்குன்னேன். அதுக்கும் சரிண்ணேன்னா. பாத்தீங்களா, அவகிட்டயும் சொன்ன காரணத்தைத் திருப்பிச் சொல்லல.

கிழிச்சுப் போட்டிருக்கலாம். கையில எடுத்தேன், ரெண்டு தடவை. அந்த விரல் ரேகையைப் பாத்தா முடியல. குடுத்துரவும் முடியல. நீங்க என்ன கேக்கீங்கன்னு தெரியுது, குடுத்துற வேண்டியதுதானன்னு. குடுத்தா நான் எங்க போவேன்? கட்சிக்காரனுக்குத் துரோகம், ஐயாவுக்குத் துரோகம், இந்த வயசுல வேற எந்த வக்கீல் சேப்பாரு? இன்னொண்ணு, கமிஷனர் எழுதாத தாளு கோர்ட்டுல செல்லுமான்னே சந்தேகம். செல்லாது, அநேகமா செல்லாது. நான் யார்கிட்டயும் கேட்டுப் பாக்கல. கேக்கணும். செல்லும்னு யாராவது சொல்லிட்டா என்ன செய்யன்னுதான் கேக்காம இருக்கேன்.

செல்லாட்டாலும் அவளுக்கு வேணும் அண்ணாச்சி. எனக்கு அது தெரியாம இல்ல. அவ கல்யாணத்தைப் பாத்த கடைசிக் கண்ணு சொன்னது அது. பிச்சி மாலையும் அரளி மாலையும் அவளைத் தவிர இப்பம் எனக்குத்தான் தெரியும். எவ்வளவு அசிங்கம் பாருங்க, என்கிட்ட போயா அது வந்து மாட்டணும்.

இன்னைக்கும் வாய்தா. வராண்டாவுல நின்னா. நானே போய், இன்னும் ஆளு அகப்படலம்மா, இன்னும் ஒரு மாசம் டைம் குடுன்னேன். கோவப்பட்டிருக்கலாம். ஏசியிருக்கலாம், நாலு பேரு முன்னால செருப்பைக் கழத்தியிருக்கலாம். அவ என்னைப் பாத்து, “நீங்க மெதுவாத் தேடுங்கண்ணே, ஒண்ணும் அவசரம் இல்ல. மாமா சொன்னதை உக்காந்து எழுதி, கைநாட்டு வாங்கிட்டுப் போன மனுசன் தொலைக்கவா போறாரு. எங்க இருந்தாலும் பத்திரமாத்தான் வச்சிருப்பாரு”ன்னு சொல்லிட்டு, பீடிக் கடைக்கு நேரமாச்சுன்னு போயிட்டா.